தலைவலிக்குத் தொடு சிகிச்சை – ஒரு கயிற்றில் தொடங்கிய வரலாறு

தலைவலி என்றால் பிடரியை அழுத்திவிடச் சொல்வது பல நாடுகளிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் அது கல்லூரி வைத்துப் பாடம் நடத்தும் அளவுக்குத் தனி மருத்துவ முறையாக வளர்ந்தது அமெரிக்காவில். அந்த வரலாற்றின் தொடக்கத்தில் இருப்பது ஒரு சிறுவனும் ஒரு கயிறும்!

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அப்பா மெதடிஸ்ட் சபையின் போதகர். கூடவே வைத்தியமும் பார்ப்பார். பத்து வயது வாக்கில் ஸ்டிலுக்கு அடிக்கடி தலைவலி வரும். ஒருநாள் அப்பாவின் உழவுக் கயிற்றை இரண்டு மரங்களுக்கு நடுவே ஊஞ்சலாகக் கட்டினான். தலை வலித்த வலியில் ஆட முடியவில்லை. கயிற்றைத் தரையிலிருந்து முக்கால் அடி உயரத்துக்கு இறக்கி, அதன்மேல் போர்வையின் நுனியைப் போட்டு, கழுத்தை அதில் வைத்து மல்லாந்து படுத்தான். அப்படியே தூங்கியும் போனான். எழுந்தபோது தலைவலி போயிருந்தது. அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தலைவலி வரும்போதெல்லாம் கயிறுதான் அவருக்கு மருந்து. 1897-ல் வெளியான தன் வரலாற்று நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். (அறுபது வருடம் கழித்து எழுதியது என்பதால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்.)

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மண்டையோடும் கழுத்தும் சேரும் இடத்தில் சின்னச் சின்னத் தசைகள் உண்டு. தலைவலிக்காரர்கள் பலருக்கு இவை இறுகிக் கிடக்கும். தலையின் பாரம் முழுவதையும் ஒரு தாங்கலின் மேல் விட்டுவிட்டு அசையாமல் கிடந்தால் அவை மெல்லத் தளரும். இன்றும் சிகிச்சையாளர்கள் விரல் நுனிகளை அதே இடத்தில் கொடுத்து, நோயாளியின் தலையைச் சில நிமிடம் அதன்மேல் இருக்க வைக்கிறார்கள்.

சிறுவனுக்குக் கிடைத்தது நிவாரணம். வளர்ந்தவர் அதற்கு ஒரு தத்துவம் தேடினார். அந்தத் தேடலுக்குப் பின்னால் ஒரு பெரிய சோகம் இருக்கிறது. 1864-ல் மூளைக்காய்ச்சல் பரவியபோது, மருத்துவரான ஸ்டில்லின் வீட்டில் மூன்று குழந்தைகள் இறந்தன. அந்தக் காலத்து மருத்துவம் என்பது பெரும்பாலும் பாதரசம் கலந்த பேதி மருந்தும், அபினும், சாராயமும்தான். நோயோடு மருந்தும் சேர்ந்து ஆளைக் கொன்ற காலம் அது. மருந்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை முற்றிலும் போய்விட்டது. எலும்புகள் இடம் பிசகினால் ரத்த ஓட்டமும் நரம்பும் தடைபடுகின்றன, அதுவே நோய்களுக்கு மூலம், கையால் சரிசெய்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்று 1874-ல் அறிவித்தார். அதற்கு ஆஸ்டியோபதி என்று பெயர் வைத்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் கல்லூரி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

கழுத்து வலிக்குச் சரியாக இருந்த ஒரு யோசனை, இப்படி எல்லா நோய்க்கும் விளக்கமாகிவிட்டது. சிக்கல் தொடங்கியது இங்கேதான்.

1895-ல் அயோவாவில் டேனியல் டேவிட் பால்மர் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கினார். இவர் கணக்கில் முதுகெலும்பின் பிசகுதான் ஏறக்குறைய எல்லா நோய்க்கும் காரணம். கிர்க்ஸ்வில்லில் 1900-ல் பட்டம் பெற்ற வில்லியம் கார்னர் சதர்லேண்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். மண்டையோட்டு எலும்புகள் மீனின் செவுள் போல அசைகின்றன, அந்தத் துடிப்பை விரலால் உணர்ந்து திருத்தலாம் என்றார். 1939-ல் புத்தகமும் போட்டார். தலைவலிக்காரர்கள் இந்தச் சிகிச்சையைத் தேடி இன்றும் போகிறார்கள். ஆனால் ஒரே நோயாளியை இரண்டு பேர் தொட்டுப் பார்த்து எண்ணினால் துடிப்புக் கணக்கு ஒத்துப்போவதில்லை! மருந்தை வெறுத்த ஸ்டில்லின் ஆஸ்டியோபதி மருத்துவர்களோ, இன்று அமெரிக்காவில் மற்ற டாக்டர்களைப் போலவே மருந்து எழுதுகிறார்கள், அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

தத்துவங்களை ஒதுக்கிவிட்டுக் கழுத்தை மட்டும் பார்த்தவர் நார்வே நரம்பியல் மருத்துவர் ஓட்டார் ஷாஸ்டாட். கழுத்தில் பிறந்து தலையில் உணரப்படும் ஒரு தனி வகைத் தலைவலி உண்டு என்று 1983-ல் அதற்குப் பெயர் கொடுத்தார். இதன் வழியும் புரிந்ததுதான். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், நெற்றி, கண் பகுதியின் உணர்வைக் கொண்டுவரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் கழுத்து மூட்டில் கோளாறு இருந்தாலும், வலி கண்ணுக்குப் பின்னால் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது.

அடுத்த முக்கியமான வேலை ஆஸ்திரேலியாவில் நடந்தது. க்வென்டோலன் ஜல் என்ற பிசியோதெரபி பேராசிரியரும் குழுவினரும், இந்த வகைத் தலைவலி உள்ள 200 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கழுத்து மூட்டுகளைக் கையால் அசைக்கும் சிகிச்சை, இரண்டாவதற்குப் பயிற்சி மட்டும், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு எதுவும் இல்லை. ஆறு வாரச் சிகிச்சை. முடிவுகள் 2002-ல் வெளியாயின. சிகிச்சை பெற்ற மூன்று குழுக்களிலும் தலைவலி குறைந்தது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நின்றது. பயிற்சி மட்டும் செய்தவர்களும் கை சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை. அந்தப் பயிற்சியும் எளிமையானது: மல்லாந்து படுத்து, கழுத்துக்கு அடியில் ஒரு சிறிய காற்றுப் பையை வைத்து, "ஆமாம்" என்பது போலத் தலையை மெதுவாக அசைத்து, பையின் அழுத்தத்தைச் சில விநாடிகள் ஒரே அளவில் பிடித்து வைப்பது. ஸ்டில் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ஒற்றைத் தலைவலியின் கதை வேறு. நார்வேயில் 104 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. சிலருக்கு உண்மையான கைரோபிராக்டிக்; சிலருக்குத் தோளையும் இடுப்பையும் சும்மா தள்ளிவிடும் போலிச் சிகிச்சை; மற்றவர்களுக்கு வழக்கமான மருந்து மட்டும். உண்மைக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் வலி நாட்கள் குறைந்தன. யாரோ ஒருவர் அக்கறையாகத் தொட்டுப் பார்த்ததே பாதி வேலையைச் செய்திருக்கலாம்.

கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடுக்கு எடுப்பதில் ஆபத்தும் உண்டு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் கழுத்து வழியாகத்தான் செல்கின்றன. அரிதாக, திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. அப்படிக் கிழிந்ததன் முதல் அறிகுறியே கழுத்து வலியும் தலைவலியுமாக இருக்கலாம் என்பதால், இதற்கு முன் இல்லாத வகையில் திடீரென்று வரும் வலிக்குக் கழுத்தில் கை வைக்கும் முன் மருத்துவப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.