முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்

"பையன் மெக்கானிக் கடையிலேயே கிடக்கிறான்" என்று சொல்லும்போது நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. பெண் கேட்கப் போகும் இடத்தில் அதை மறைப்பவர்களும் உண்டு. இரும்பை வளைத்துக் கவசம் செய்த தாவூத் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சமுதாயம் நாம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. சின்னசேலத்துப் பட்டறைகளில் கையெல்லாம் கிரீஸுடன் நிற்கும் மகனை எண்ணி வருந்தும் பெற்றோர், கோவை ஜி.டி. நாயுடுவின் இளமைக்காலத்தை அறிந்துகொள்வது நல்லது.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. தந்தையின் நிலத்தில் வேலை பார்த்தார்.

அக்காலத்தில் ஆங்கிலேய வருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அப்பகுதிக்கு வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டியை இளைஞர் துரைசாமி கண்டார். அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த வண்டியையே முந்நூறு ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார். வாங்கியது ஊர் சுற்றுவதற்கன்று. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். பிறகு மெக்கானிக் ஆனார்.

அவரைப் 'படிக்காத மேதை' என்று போற்றுவது வழக்கம். எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. பள்ளியை விட்டவர் வேறு, படிப்பை விட்டவர் வேறு. உணவு விடுதியில் உழைத்துச் சேர்த்த பணம் முழுவதையும் ஓர் இயந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியச் செலவிட்டவரைப் படிக்காதவர் என்று எப்படிச் சொல்வது?

வழி நேராகவும் அமையவில்லை. பருத்தி வணிகத்தில் இறங்கி, பம்பாய் வரை சென்று, ஈட்டியதை இழந்து திரும்பினார். 1920இல் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியுடன் ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டியே பின்னர் யூ.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. மின்சாரச் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் மின்விசிறி எனப் பலவும் அவர் கைவண்ணத்தில் உருவாயின. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைப் பீளமேட்டில் வெளிக்கொணர்ந்தார். 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் செல்லும் கார் ஒன்றையும் செய்தார்; அரசு உரிமம் தராததால் அது சாலைக்கு வராமலே போயிற்று. நம் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு என்றே அதைக் கருதுகிறேன்.

பள்ளியில் தரிக்காத அதே மனிதர்தான் 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தோன்றக் காரணமாகி, அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். நான்கு ஆண்டுப் படிப்பு மிக நீளம், இரண்டு ஆண்டுகள் போதும் என்று வாதிட்டார். அரசு இசையவில்லை. பதவியை விட்டு விலகினார்.

1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தார். அவருடைய கருவிகள் கோவை அவினாசி சாலையிலுள்ள கண்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. விடுமுறையில் அவ்வழியே செல்லும் குடும்பங்கள், பட்டறைக்குப் போகும் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லலாம்.