எல்லை தாண்டாத சாதிச் சான்றிதழ்

அரசமைப்புச் சட்டத்தின் 341, 342ஆம் பிரிவுகள் பட்டியல் சாதிகளையும் பழங்குடிகளையும் அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தே வரையறுக்கின்றன. ஆந்திரத்தில் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, ஒன்பது வயது முதல் மகாராட்டிரத்தில் வளர்ந்த மாணவருக்கு மும்பை மருத்துவக் கல்லூரியில் அந்த ஒதுக்கீடு இல்லை என 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதனால் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் இரு பக்கமும் இழக்கிறார்கள். வளர்ந்த மாநிலத்தில் இருப்பிடத் தகுதி உண்டு. ஆயினும் பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். பூர்விக மாநிலத்தில் சாதிச் சான்று செல்லும்; அங்கே பள்ளிப்படிப்பு இல்லையென்று பல மாநிலங்கள் இருப்பிடத் தகுதியை மறுக்கின்றன. எஞ்சுபவை மத்தியப் பல்கலைக்கழகங்களும், அரசு மருத்துவக் கல்லூரிகளின் 15 விழுக்காட்டு அகில இந்திய ஒதுக்கீடும் போன்றவையே. அவற்றுக்குப் பூர்விக மாநிலச் சான்று போதும். தந்தையின் சான்றைத் தேடி வையுங்கள் என்றே நாம் பெற்றோரிடம் முதலில் சொல்கிறோம்.

பின்தங்கிய நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பது நீதிமன்றத்தின் காரணம். கூலி தேடி எல்லை கடந்தவரைச் சாதி விட்டுவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம். இந்த இடர்ப்பாட்டைக் கருதி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என அதே தீர்ப்பு கூறியது. அச்சட்டம் இன்னும் வரவில்லை.