கொலோன் பேராலயம்: 632 ஆண்டுகள்



வரும் கோடையில் ஜெர்மனி செல்லும் வாய்ப்பு அமைந்திருக்கிறது. பயணத் திட்டத்தில் கொலோன் பேராலயத்திற்கு ஒரு மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். ரயில் நிலையத்தின் வாசலிலேயே ஆலயம் நிற்கிறது. பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம் என்பது உடன்வருவோரின் கணக்கு. நான் ஒரு முழு நாள் கேட்டேன்.

1248 ஆகஸ்ட் 15 அன்று அதற்கு அஸ்திபாரக்கல் நாட்டப்பட்டது. கீழ்த்திசைப் பகுதி 1322இல் பிரதிஷ்டையாயிற்று. ஏறக்குறைய 1560இல் வேலை நின்றுபோனது. முடிவுறாத தெற்குக் கோபுரத்தின்மேல் கல் தூக்கும் மரப்பொறி ஒன்று அப்படியே விடப்பட்டது. முந்நூறு ஆண்டுகள் அது அங்கே நின்றது. அந்நகரத்தாருக்கு அதுவே ஊரின் அடையாளம். பிரெஞ்சுப் படைகள் 1794இல் நகரைப் பிடித்தபின் தேவாலயம் சேமிப்புக் கிடங்காகவும் மாறியது.

கோபுரங்களின் முகப்பை இடைக்காலச் சிற்பாசாரிகள் தோலில் வரைந்திருந்தார்கள். உயரம் சுமார் 4 மீட்டர். அந்த வரைபடமும் காணாமற்போயிற்று. அதன் ஒரு பாதி 1814இல் டார்ம்ஸ்டாட் நகரில் கிடைத்தது. ஒரு விடுதியின் பரணில் அவரை விதை காயப்போடப் பயன்பட்டதாகச் சொல்வார்கள். மறுபாதி 1816இல் பாரிஸில் அகப்பட்டது. இவை கிடைத்தபின்னரே பழைய மாதிரியின்படி கட்டி முடிக்கலாம் என்ற துணிவு பிறந்தது. தாவீது தான் கட்டாத ஆலயத்தின் மாதிரியைச் சாலொமோன் கையில் கொடுத்ததை 1 நாளாகமம் 28இல் வாசிக்கிறோம். அங்கே வாங்கிக்கொள்ள மகன் இருந்தான். இங்கே வரைந்தவருக்குத் தம் தோல்சுருளை யார் விரிப்பார் என்றே தெரியாது.

1842இல் வேலையை மீண்டும் தொடங்கிவைத்தவர் பிரஷ்யாவின் நான்காம் பிரெடெரிக் வில்லியம். கத்தோலிக்கப் பேராலயத்திற்குக் கல் நாட்டிய புராட்டஸ்டன்ட் அரசர் அவர். நகர மக்களும் சங்கம் அமைத்துப் பணம் திரட்டினார்கள். 1880இல் 157 மீட்டர் உயரக் கோபுரங்கள் முடிந்தன. பேரரசர் விழாவுக்கு வந்தார். பேராயர் மெல்கர்ஸ் வரவில்லை. அரசுக்கும் திருச்சபைக்கும் மூண்ட சச்சரவில் அவர் நாடுகடந்து வாழ்ந்துகொண்டிருந்தார். மேய்ப்பன் இல்லாமல் நடந்த அந்த விழாவை நினைக்கையில், ஒரு போதகனாக என்னால் முழுமையாய் மகிழ முடியவில்லை.

1164இல் மிலானிலிருந்து கொண்டுவரப்பட்ட சாஸ்திரிகளின் எலும்புகள் என்று கூறப்படுபவை அங்கே பொற்பேழையில் உள்ளன. வேதம் அவர்களுடைய பெயரையோ எண்ணிக்கையையோ சொல்லவில்லை. ஆகவே அதைப் பொற்கொல்லரின் கைத்திறனாகவே காண்பேன். நான் நெடுநேரம் நிற்க விரும்புவது பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கேரோ சிலுவையின் முன்பாக. தலை சாய்ந்து மரித்த ஆண்டவரை ஆளுயரத்தில் செதுக்கிய ஓக் மரச் சிலுவை அது. அதன்பின், அந்தத் தோல் வரைபடம். இப்போது ஆலயத்துள்ளேயே ஒரு சிற்றாலயத்தில் வெளிச்சம் படாதபடி திரையிட்டு வைத்திருக்கிறார்கள்.

கோபுரத்திற்கு 533 படிகள், மின்தூக்கி இல்லை. என் முழங்கால் சம்மதித்தால் ஏறுவேன். ஆராதனை நேரத்தில் சுற்றிப்பார்க்க அனுமதி கிடையாது. ஆதலால் காலை ஆராதனைக்கே போய் உட்கார்ந்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று உடன்வருவோரிடம் சொல்லியிருக்கிறேன். ரயில் மாலையில்தான்.