வராதவர்களின் கணக்கு

மூளையை ஒருமுறை படம் எடுத்தால் அது எப்படி இருக்கிறது என்று தெரியும். எப்படி மாறியது என்று தெரியாது. 2000ஆம் ஆண்டில் எலினோர் மக்வயரும் சக ஆய்வாளர்களும் லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் 16 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ததால் வளர்ந்ததா, அல்லது அப்படி மூளை வாய்த்தவர்கள்தான் அந்தத் தொழிலுக்கு வந்தார்களா? ஒற்றைப் படத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் 2011இல் வந்தது. மக்வயரும் கேத்தரின் வூலெட்டும் 79 பயிற்சி ஓட்டுநர்களைத் தொடக்கத்திலேயே படம் எடுத்து, நினைவாற்றல் சோதனையும் வைத்திருந்தார்கள். மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் அதையே செய்தார்கள். தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை. ஆனால் தேறாதவர்களில் 20 பேர்தான் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். மற்றவர்களுக்கு முதல் படம் மட்டுமே உண்டு.

துபாயில் தரவுகளோடு பிழைக்கும் எனக்கு அந்த வராதவர்கள்மீதுதான் கண்.

ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளக்கும் கணிதத்தில் இந்தியாவுக்கும் பங்குண்டு. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்த சி.ஆர். ராவ், வளர்ச்சிக் கோடுகளை ஒப்பிடும் முறைகளை 1958இல் 'பயோமெட்ரிக்ஸ்' இதழில் எழுதினார். 1982இல் அதே இதழில் நேன் லேர்டும் ஜேம்ஸ் வேரும் எழுதிய கட்டுரை இத்துறையின் அடிப்படையானது. ஒவ்வொருவருக்கும் சொந்தத் தொடக்கம், சொந்தச் சரிவு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு போக்கு. ஐந்து முறை வந்தவரும் இரண்டு முறை வந்தவரும் ஒரே கணக்கில் சேர்வார்கள். பழைய முறையிலோ ஒரு தடவை வராவிட்டாலும் அவருடைய வரி முழுவதும் நீங்கிவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. 1976இல் டொனால்ட் ரூபின் அதைத் தெளிவாக்கினார். வராத காரணம் நம்மிடம் ஏற்கெனவே உள்ள அளவுகளில் தெரிந்தால் சமாளிக்கலாம். மறதி முற்றியதாலேயே ஒருவர் வரவில்லை என்றால், மிஞ்சியவர்களை வைத்து நாம் பொய்யான நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருப்போம்.

கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 10,000 கிராமத்தினரை இலக்காக வைத்து, பெங்களூர் மூளை ஆய்வு மையம் முதுமையைப் பின்தொடர்கிறது. அவர்கள் ஊரிலேயே இருப்பதால் அது சாத்தியம். அபுதாபியின் நியூயார்க் பல்கலைக்கழகம் முன்னெடுத்த பெரிய உடல்நல ஆய்வு அமீரகக் குடிமக்களுக்கானது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; பின்தொடர ஆள் இருக்க வேண்டுமே. நம் விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால், உடம்பு முடியாமல் போனால், ஊர்தான். மறதி தொடங்கும் வயதில் பலர் இங்கே இல்லை. முதல் படம் ஷார்ஜாவில், இரண்டாவது மதுரையில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருமில்லை.

ஆகவே ஊர் திரும்பும் அண்ணன்மாரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தங்கத்தோடு எம்.ஆர்.ஐ. சிடியையும் பெட்டியில் வையுங்கள். இயந்திரம் மாறினால் அளவும் மாறும். அதைச் சரிக்கட்ட வழி உண்டு. இல்லாத முதல் படத்துக்கு வழி கிடையாது.