விழுந்தவனும், விழுந்த மாதிரி நடிச்சவனும்

சம்பா அறுப்பு முடிஞ்சுது. அறுப்புக்கு முன்னாடி தெளிச்ச உளுந்து ரெண்டு இலை விட்டு நிக்குது. இந்த நாள்லதான் எங்க புவனகிரி பக்கம் ஊருக்கு ஊர் மைக் செட் கட்டி கபடி நடக்கும். பொங்கலுக்கு ஆரம்பிச்சா மாசி வரைக்கும் ஓயாது. டவுன்ல இருக்கிற நீங்க டிவியில பாக்கிற கபடிக்கும் இதுக்கும் கொஞ்சம் தூரம். அங்க மேட், கேமரா. இங்க உழுது பரம்படிச்ச மண்ணு, சுண்ணாம்புக் கோடு, கோட்டைச் சுத்தி கோவத்தோட ஒரு ஊரு.

எங்க தாத்தா காலத்துல இதுக்குப் பேரு சடுகுடு. அளவான கோடு கிடையாது, எத்தனை பேருன்னும் கணக்கு கிடையாது. 1920-கள்ல மகாராஷ்டிரா, பரோடா பக்கம்தான் இதுக்கு விதி எழுத ஆரம்பிச்சாங்க. 1936 பெர்லின் ஒலிம்பிக் சமயத்துல அமராவதியிலேருந்து போன ஒரு குழு ஆடிக் காட்டுச்சு. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுல பதக்கத்துக்கான ஆட்டமாச்சு. அதுலேருந்து 2014 வரைக்கும் ஏழு தடவையும் ஆண்கள் தங்கம் நமக்குத்தான். நம்ம மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவுல தங்கம் வாங்கின அணியில ஆடினவர்.

கபடி விதிப் புத்தகத்தை ஒரு தடவை வாங்கிப் படிச்சேன். படிக்கப் படிக்கச் சிரிப்புதான் வந்துது. நாங்க பண்ண திருட்டுத்தனம் பூரா அதுல இருக்கு. உடம்புல எண்ணெய் தடவக் கூடாதுன்னு போட்டிருக்கு. நாங்க தடவுவோம், பிடிச்சா வழுக்கணுமே! நகம் வெட்டணும்னு இருக்கு. எங்களோட ஆடின ஒருத்தர் கட்டைவிரல் நகத்தை அதுக்குன்னே வளர்ப்பார். பாடிப் போறவன் சத்தமா, விடாம பாடணும்னு இருக்கு. முணுமுணுத்துக்கிட்டே நடுவுல மூச்சை மாத்துறவன் எல்லா ஊர்லயும் உண்டு. இப்ப ஒரு ரெய்டுக்கு 30 நொடின்னு கணக்கு வச்சதால அந்த வேலை குறைஞ்சுது. எடை வரம்பு வச்சா ரெண்டு நாள் பட்டினி கெடந்து தராசுல ஏறுவான். 'உள்ளூர் ஆள் மட்டும்'னு நோட்டீஸ் அடிச்சா, வெளியூர்க்காரனை அத்தை மகன்னு சொல்லி இறக்குவாங்க. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலயும் எவனோ ஒருத்தன் பண்ண தில்லுமுல்லு இருக்கு. என்னைக் கேட்டா கபடி வரலாறே அதான்.

பெரிய ஆட்டமும் இதுக்குத் தப்பல. 2018 ஜகார்த்தாவுல அரையிறுதியிலயே ஈரான்கிட்ட தோத்தோம். 2023 அக்டோபர்ல ஹாங்சோ இறுதி ஆட்டம், மறுபடி ஈரான். 28-28ல இருக்கும்போது பவன் செராவத் ரெய்டு போறாரு. யாரையும் தொடாம லாபிக்குள்ள கால் வச்சுட்டாரு, அவரைத் துரத்திப் போன ஈரான் ஆளுங்களும் அவுட்டா இல்லையான்னு தகராறு. வீரர்கள் மேட்டுலயே உக்காந்துட்டாங்க. ஒரு மணி நேரம் போல ஆட்டம் நின்னு, கடைசியில 33-29ல நாம ஜெயிச்சோம். எங்க ஊர் டீக்கடையில இன்னும் அந்த வழக்கு முடியல.

அயர்லாந்துல வேலை பாக்கிற எங்க தெருப் பையன் ஒருத்தன் ஒரு வீடியோ காட்டினான். கேலிக் கால்பந்துன்னு அங்க ஒரு ஆட்டம், நம்ம மாவட்டம் மாதிரி கவுண்டிக்கு கவுண்டி மோதிக்குவாங்க. 2015ல டைரோனும் மோனகனும் ஆடுன காலிறுதி அது. மோனகன்காரர் எதிராளி தலைமுடியைக் கையால கலைச்சு விட்டாரு, அவ்வளவுதான். டைரோன்காரர் அடிபட்ட மாதிரி பொத்துன்னு விழுந்தாரு. கலைச்சவரை வெளியே அனுப்பிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, என்னால முடியல. நானும் அப்படி விழுந்தவன்.

1989 கரிநாள். ஆத்துக்கு அந்தாண்ட ஊரோட கடைசி ஆட்டம். நாங்க ஒரு பாயிண்ட் முன்னால. கடைசி ரெண்டு நிமிஷம். பாடிப் போயிட்டு கோட்டைத் தொட்டேன், ஒண்ணும் ஆகல. திரும்பும்போது முட்டியைப் பிடிச்சுக்கிட்டு கீழே உருண்டேன். அந்தக் காலத்துல அடிபட்டா கடிகாரத்தை நிறுத்துற வழக்கம் எங்க பக்கம் இல்ல. தண்ணி தெளிச்சாங்க, தைலம் தேய்ச்சாங்க. விசில் அடிச்சுது. எழுந்து ஓடினேன். பரிசு ஒரு ஆட்டுக்கிடா. கறி சாப்பிட்டப்போ ஊரே என்னைத் தட்டிக் குடுத்துச்சு.

மறு வருஷம் அதே ரெண்டு ஊரு, எங்க திடல். அவங்க பையன் ஒருத்தனை நாலு பேரா அமுக்கினோம். எல்லாரும் எழுந்தோம், அவன் எழல. "நடிக்கிறாண்டா, போன வருஷம் பாத்துக் கத்துக்கிட்டான்"னு கூட்டம் கத்துது. நானும் சேர்ந்துதான் கத்தினேன். அம்பயர் வந்து தூக்கினப்போதான் தெரிஞ்சுது, தோள்பட்டை எறங்கிப் போச்சு. எவ்வளவு நேரம் மண்ணுல கெடந்தான்னு எனக்கு இன்னைக்கும் சரியா சொல்ல வரல. அந்த ஊர் நடவாளுங்க ரெண்டு வருஷம் எங்க வயலுக்கு வரல. அது நியாயம்தான்.

அவர் இப்பவும் சந்தையில கண்ணுல படுவார். வலது கை தோளுக்கு மேல போகாது, நாத்துக்கட்டு இடது கையாலதான் வீசுவார். போன வருஷம் போய் மன்னிப்பு கேட்டேன். "ஆட்டத்துல நடந்ததுதானண்ணே"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னைக்கு கத்துனதுல உங்க சத்தம் எனக்குத் தனியா கேட்டுது"ன்னார். அதுக்கு மேல நின்னு பேச முடியல.

2022ல பண்ருட்டி பக்கம் ஒரு பையன் கபடி ஆட்டத்துலயே விழுந்து இறந்து போனான். வாட்ஸப்புல அந்த வீடியோ வந்தப்போ நான் பாதிக்கு மேல பாக்கல.

இந்த வருஷம் எங்க ஊர் ஆட்டத்துக்கு என்னை அம்பயரா நிக்கச் சொன்னாங்க. ஒரே ஒரு விதி கேட்டேன். எவன் விழுந்தாலும் கடிகாரத்தை நிறுத்தணும், நர்ஸ் வந்து பாக்கணும், அவன் அடுத்த மூணு ரெய்டுக்கு வெளியில உக்காரணும். நெஜமா அடிபட்டவனுக்கு அது ஓய்வு. நடிச்சவனுக்கு அதுவே தண்டனை. எவன் எப்படின்னு நான் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்ல.

பசங்க முனகினாங்க, ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு நாள் ஆட்டத்துல மூணு பேர்தான் விழுந்தாங்க. மூணு தடவையும் முதல்ல ஓடிவந்தது எதிர் ஊர்ப் பசங்க.