வேலூரில் வளர்ந்த தொழுநோய் மறுசீரமைப்பு மருத்துவம்

தொழுநோயால் மடங்கிப்போன விரல்கள், தொங்கிப்போன பாதம், மூட இயலாத இமை ஆகியவற்றை அறுவை மூலம் மீண்டும் இயங்கச் செய்வது தொழுநோய் மறுசீரமைப்பு அறுவை மருத்துவம் எனப்படும். இந்தச் சிறப்புத் துறை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1948 முதல் வளர்ந்தது. இதைத் தொடங்கியவர் முடநீக்கியல் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். கிருமியை அழிப்பதோடு மருத்துவரின் பணி முடிந்துவிடுவதில்லை, நோயாளி ஊர் திரும்பிய பின் தன் கையால் உண்ணவும் உழைக்கவும் வேண்டும் என்ற எண்ணமே இத்துறையின் அடிப்படை.

பின்னணி

தொழுநோயைத் தமிழ்நாட்டு மக்கள் குட்டம், பெருநோய், பெருவியாதி என்றெல்லாம் அழைத்துவந்தனர். இந்நோய்க்குக் காரணமான நுண்கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். ஆயினும் பரம்பரை நோய், பாவத்தின் பயன் என்ற நம்பிக்கைகள் மறையவில்லை. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நோயுற்ற ஏழைகளைப் பிடித்துத் தனியிடங்களில் அடைத்துவைக்க அனுமதித்தது.

நீண்ட காலம் நீரடிமுத்து எண்ணெயே முதன்மை மருந்தாக இருந்தது. 1940களில் சல்போன் வகை மருந்துகள் வந்தன. அவற்றால் கிருமி கட்டுப்பட்டது. ஆனால் நோய் நீங்கிய பின்னும் பலருடைய விரல்கள் கொக்கிபோல் வளைந்தே இருந்தன. அந்தக் கையைக் கண்டவர்கள், நோய் இன்னும் இருப்பதாகவே எண்ணி விலகினர். மருத்துவரின் ஏட்டில் குணமடைந்தவர், ஊரார் கண்ணில் நோயாளியாகவே இருந்தார்.

வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சிறு மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைப் பெற்றது. 1942இல் பட்டப்படிப்புக் கல்லூரியாகி, 1947இல் ஆண்களையும் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டது. சிறப்பு மருத்துவர்களும் மாணவர்களும் ஓரிடத்தில் பணியாற்றும் இத்தகைய கல்லூரி அமைந்ததால்தான், தொழுநோய் இல்லங்களின் மதிலுக்குள் ஒதுக்கப்பட்டிருந்த சிக்கல் அறுவை மருத்துவர் ஒருவரின் பார்வைக்கு வந்தது.

செங்கல்பட்டில் எழுந்த கேள்வி

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், அங்குப் பணியாற்றிய ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். ஒன்பதாம் வயதில் படிப்பிற்காக இங்கிலாந்து சென்று, லண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூருக்கு ஆசிரியராக வந்தார்.

தொழுநோய் வல்லுநரான ராபர்ட் காக்ரேன், 1947இல் அவரைச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கு வரிசையாக நின்றவர்களின் வளைந்த கைகளைக் கண்ட பிராண்ட், இவற்றைச் சரிசெய்ய என்ன முயற்சி நடந்துள்ளது என்று கேட்டார். முடநீக்கியல் மருத்துவர் எவரும் இந்நோயை ஆராய முன்வரவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

அங்கிருந்த நோயாளி ஒருவரிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கும்படி பிராண்ட் கூறினார். செயலற்றதாகத் தோன்றிய அந்தக் கை, வலிக்கும் அளவுக்கு இறுகப் பற்றியது. கையில் வலிமையுள்ள தசைகள் இன்னும் இருக்கின்றன என்பது அந்தப் பிடியால் தெரிந்தது.

வளைந்த விரல்களும் தசைநாண் மாற்றமும்

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளையே விரும்பும். ஆகவே தோலுக்கு அருகில் செல்லும் நரம்புகள் எளிதில் பழுதடைகின்றன. முழங்கையின் பின்புறமாகச் செல்லும் நரம்பும், மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள நரம்பும் அவற்றுள் முக்கியமானவை. இவை பழுதானால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். ஆனால் முன்கையின் பெரிய தசைகள் பல நலமாகவே இருக்கும். சமநிலை குலைந்து, விரல்கள் கொக்கிபோல் மடங்கும்.

நலமாக உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி வேறிடத்தில் பொருத்துவதே தசைநாண் மாற்ற அறுவை. போலியோவிலும் காயங்களிலும் பயன்பட்ட இம்முறையைப் பிராண்ட் 1948 முதல் தொழுநோயால் பாதிக்கப்பட்ட கைகளில் செய்யத் தொடங்கினார். முதலில் விரலை மடக்கும் நாண்களுள் ஒன்றைப் பயன்படுத்தினார். பின்னர் மணிக்கட்டை நிமிர்த்தும் தசையை எடுத்து, ஒட்டு நாண்களால் நான்கு விரல்களுக்கும் நீட்டிப் பொருத்தும் முறையையும் உருவாக்கினார்.

அறுவை முடிந்து மாவுக்கட்டு அவிழ்க்கப்பட்டதும் இயன்முறைப் பயிற்சி தொடங்கும். முன்பு மணிக்கட்டை நிமிர்த்திய தசை, இப்போது விரலை இயக்க வேண்டும். நோயாளி அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கை எந்த அளவு திருந்த வேண்டும் என்பதை அவரது அன்றாட வாழ்க்கையே முடிவு செய்தது. சோற்றைப் பிசைந்து, உருட்டி, சிந்தாமல் வாயில் வைக்க விரல்கள் நேராக நின்று அடிக்கணுவில் மடங்க வேண்டும். கொக்கிபோல் வளைந்த விரல்களால் அது இயலாது. கையால் உண்ணும் நாட்டில் இந்த ஓர் அசைவு திரும்புவதே பெரும் மாற்றமாக இருந்தது.

நவ ஜீவ நிலையம்

தொடக்கக் காலத்தில் எதிர்பாராத முறையீடு ஒன்று வந்தது. அறுவைக்குப் பின் திரும்பி வந்த சிலர், கை நேரானதால் பிச்சை குறைந்துவிட்டது என்று வருந்தினர். வேலை கொடுப்பாரோ இல்லை. பிழைப்பாக இருந்த பிச்சையும் போயிற்று. அறுவை வெற்றி பெற்றிருந்தது, ஆனால் மனிதர் முன்னைவிடத் துன்பத்தில் இருந்தார்.

இதற்கு விடையாக 1951இல் கல்லூரி வளாகத்தில் நவ ஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. கிராமத்து வாழ்க்கைக்கு மீள வேண்டியவர்கள் என்பதால், நோயாளிகள் கிராமத்துக் குடிசைகளைப் போன்ற எளிய வீடுகளில் தங்கினர். தச்சு வேலை, மரப் பொம்மை செய்தல் முதலிய தொழில்களைக் கற்றனர். கருவிகளின் கைப்பிடிகள் அவர்களுடைய கைக்கேற்ப மாற்றப்பட்டன.

வலி இல்லாததால் வந்த துன்பம்

அழுகி உதிர்வதே விரல்கள் குறைவதற்குக் காரணம் என்பது அக்காலத்துப் பொது நம்பிக்கை. நோயாளிகளுடன் அன்றாடம் பழகியதால் உண்மைக் காரணம் புலப்பட்டது. ஒருமுறை துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் பிராண்ட் தடுமாறினார். அருகில் இருந்த சிறுவன் சாவியை வாங்கி எளிதில் திருப்பிவிட்டான். அவனது விரல் எலும்பு வரை கிழிந்து இரத்தம் வழிந்ததை அவன் அறியவில்லை. வலி உணர்வு இருந்திருந்தால் அவன் அவ்வளவு விசையுடன் அழுத்தியிருக்க மாட்டான்.

பின்னர் ஒவ்வொரு காயத்திற்கும் காரணம் தேடப்பட்டது. சூடான பாத்திரம், கரடுமுரடான கைப்பிடி, செருப்பில் துருத்திய ஆணி எனக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இரவில் நலமாக இருந்த விரல் நுனி காலையில் காணாமற்போனது மட்டும் புதிராக இருந்தது. இரவு விழித்திருந்து பார்த்தபோது, உறங்குபவரின் உணர்வற்ற விரலை எலி கடிப்பது தெரியவந்தது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. காயத்தைத் தடுத்தால் விரலைக் காக்கலாம் என்பது இத்தகைய தேடலால் உறுதியானது. தினமும் கைகால்களைத் தாமே பார்த்துச் சோதிக்கும் பழக்கம் மருத்துவத்தின் பகுதியாயிற்று.

காலும் கண்ணும்

பாதத்தில் உணர்வு இல்லாதவர் ஒரே இடத்தில் அழுத்தி நடப்பதால் ஆறாத புண் உண்டாகிறது. மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் இப்புண் ஆறும். இந்தியாவிலும் இலங்கையிலும் முன்பே சிலர் கையாண்ட இம்முறை, வேலூரில் விரிவாகப் பயன்பட்டது. ஆறிய புண் மீண்டும் வராமலிருக்க மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் உள்ளடி கொண்ட செருப்புகள் உருவாக்கப்பட்டன. தொங்கிய பாதத்தைச் சரிசெய்யவும் தசைநாண் மாற்றம் செய்யப்பட்டது. பிராண்டின் மனைவியும் கண் மருத்துவருமான மார்கரெட் பிராண்ட், இமை மூடாமையால் பார்வை இழப்போரைக் காக்கும் பணியில் ஈடுபட்டார்.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ் வேலூரில் பயின்ற மருத்துவர். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் முறிந்து, இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால் அத்துறையில் சேர்ந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கு அறுவை செய்தார். நடக்க இயலாத மருத்துவர் ஒருவர் தம் கையைச் சரிசெய்வது நோயாளிகளுக்கு நம்பிக்கை தந்தது.

பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையின் தலைவரானார். அவரது முயற்சியால் 1966இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடக் காயமடைந்தோர் சக்கர நாற்காலியுடன் வீட்டிலும் ஊரிலும் வாழப் பழக்குவது அதன் பணி. இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார்.

பரவல்

1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் ஷீஃபலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை தொடங்கப்பட்டது. பல நாட்டு அறுவை மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் வேலூரிலும் கரிகிரியிலும் பயிற்சி பெற்றனர். பிராண்டுக்கு 1960இல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். 2003இல் மறைந்தார்.

தொழுநோயாளிகளின் பாதங்களிலிருந்து கற்ற பாடம் சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது. சர்க்கரை நோயால் பாத உணர்வு குன்றியோருக்கு இன்று தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் எம்.சி.ஆர். செருப்பு, இந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

எல்லைகளும் இன்றைய நிலையும்

தசைநாண் மாற்ற அறுவை அசைவைத் தருமே தவிர, இழந்த உணர்வைத் திரும்பத் தராது. மூட்டுகள் இறுகிப்போன கைகளில் பயன் குறைவு. நேரான கையுடன் ஊர் திரும்பியவரை ஊர் ஏற்றுக்கொள்ளச் செய்வதும் மருத்துவமனையால் மட்டும் ஆகக்கூடியதன்று. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது.

உலக நலவாழ்வு அமைப்பு 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சையால் நோய் பெரிதும் குறைந்தது. ஆனாலும் இந்தியாவில் ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். தோலில் உணர்ச்சியற்ற தேமல் தோன்றினால் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் அதை உட்கொள்ள வேண்டும். நரம்பு பழுதாகும் முன் மருந்தைத் தொடங்கியவருக்குப் பெரும்பாலும் அறுவையே தேவைப்படாது.