எரியாத கட்டடம்



நியூயார்க் நகரத்தில் பத்து மாடிக் கட்டடமொன்று இன்றும் நிற்கிறது. தீயினால் அழியாதது என்று சொல்லியே அதனை எழுப்பினர். அச்சொல் பொய்க்கவில்லை. 1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் அதன் மேல் மூன்று மாடிகளில் நெருப்புப் பரவிற்று. அரைமணி நேரத்தில் அடங்கியும் போயிற்று. சுவரும் தளமும் நின்றன. மாண்டவர் 146 பேர்.

அம்மாடிகளில் டிரையாங்கிள் என்னும் நிறுவனம் மகளிர் மேற்சட்டை தைக்கும் தொழிற்சாலையை நடத்திவந்தது. ஏறத்தாழ ஐந்நூறு பேர் வேலை பார்த்தனர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த இளம்பெண்கள். உங்கள் வயதினர் பலர். சனிக்கிழமை மாலை, வேலை முடியும் தறுவாயில், எட்டாம் மாடியில் துணித்துணுக்குகள் கிடந்த பெட்டியொன்றில் தீப்பற்றியது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். எட்டாம் மாடியிலிருந்து பத்தாம் மாடிக்குத் தொலைபேசியிற் செய்தி போயிற்று. முதலாளிகள் இருந்த மாடி அது. அங்கிருந்தோர் ஏறக்குறைய எல்லாரும் கூரைமேல் ஏறி, பக்கத்துக் கட்டடத்துச் சட்டக் கல்லூரி மாணவர்கள் தந்த ஏணிகளின் துணையால் தப்பினர். இடையிலிருந்த ஒன்பதாம் மாடிக்கு ஒருவரும் சொல்லவில்லை. நெருப்பே வந்து தன் வரவை அறிவித்தது. அம்மாடிக்குப் படிக்கட்டு இருபுறமும் உண்டு. ஆனால் ஒருபுறத்துக் கதவு பூட்டியிருந்தது. வீடு திரும்புவோரை ஒரே வழியாக அனுப்பி, துணி திருடினரா என்று கைப்பையைச் சோதிப்பது அங்கே வழக்கம்! வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டோ கூட்டத்தின் பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்புப் படை விரைந்துதான் வந்தது. அதன் ஏணி ஆறாம் மாடியளவே எட்டிற்று.

முதலாளிகள் இருவரும் அவ்வாண்டு டிசம்பரிலேயே விடுதலை பெற்றனர். கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லையாம்.

தெருவில் நின்று இக்கொடுமையைக் கண்டவர்களுள் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் என்னும் பெண்மணியும் ஒருவர். 1933-இல் அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற்பெண் அவரே. நியூயார்க் மாநிலம் 1911-இல் அமைத்த விசாரணைக் குழுவுக்கு அவர் தொழிற்சாலைகளை நேரிற் பார்த்துச் சான்று திரட்டித் தந்தார். தீ ஒத்திகை நடத்தல் வேண்டும், உயர்ந்த தொழிற்சாலைகளில் தாமே நீர் தெளிக்கும் குழாய்கள் வேண்டும் என்னும் சட்டங்கள் அதன் பின்னரே பிறந்தன.

இவ்வரலாற்றைப் பல ஆண்டுகள் வகுப்பிற் கற்பித்தவன் நான். ஆயினும் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, பள்ளிக் குழந்தைகள் 94 பேரை மாய்த்த பிறகே என் பள்ளியை அக்கண்ணாற் பார்த்தேன். தலைமையாசிரியனாக இருந்த நான் அழகான வரைபடமொன்று எழுதி, வெளியேறும் வழிகளுக்குச் சிவப்பு அம்புக்குறியிட்டு, என் அறையிலேயே மாட்டிவைத்தேன். மாணவர் எவரும் எட்டிப் பார்க்க அஞ்சும் அறை அது!

முதல் ஒத்திகையன்று மணி அடித்தது. பாடவேளை முடிந்ததென்று எண்ணிப் பிள்ளைகள் புத்தகத்தை மாற்றிக்கொண்டு அமர்ந்திருந்தனர். ஒருவழியாக எழுப்பிப் பின்வாயிலுக்கு அனுப்பினால், அங்கே பூட்டு. சாவியோ காவலரிடம், காவலரோ தேநீர்க் கடையில். பூட்டிய கதவின்முன் ஆறாம் வகுப்புச் சிறுமியர் வரிசையாக நின்றதைக் கண்டபோது எனக்கு ஒன்பதாம் மாடிதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே பூட்டைக் கழற்றி, உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போடச் செய்தேன். ஒத்திகைக்கென்று தனி மணியும், வகுப்புதோறும் ஒரு வரைபடமும் வந்தன. இரண்டாம் முறை எல்லாரும் தடையின்றி மைதானத்துக்கு வந்துவிட்டனர். எண்ணிப் பார்க்க வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். அது வகுப்பறை மேசைமேல் இருந்தது. மூன்றாம் ஒத்திகைக்கு அடுத்த வெள்ளிக்கிழமையைக் குறித்தேன்.